பாலிஷுக்குப் போன புடவை

போன வருடம் வைகாசி மாதம், காஞ்சிபுரத்தில் எங்கள் அண்ணன் மகள் கல்யாணத்தில் நடந்தது இது.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். டவுன் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனால்கூட, கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். அப்படிப்பட்ட நான் ஒரு கல்யாண மண்டபமே கேட்கும்படி பேசினேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு பழைய பட்டுப்புடவை.

எங்கள் வீடு செவிலிமேட்டில். கடைகளிலிருந்து வரும் பட்டுப்புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானை ஓரத்தில் குஞ்சம் முடிந்து கொடுப்பது என் வேலை. இருபது வருடமாகச் செய்கிறேன். ஒரே கடைக்கு எங்களைப் போல ஐந்தாறு பெண்கள் தைப்போம். தையல் பிரிந்து புடவை திரும்பி வந்தால் யார் தைத்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஆளுக்கு ஒரு அடையாளம் போடச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். என் அடையாளம் மூன்று சிவப்புத் தையல். புடவை எந்த நிறமாக இருந்தாலும் சரி, ஃபால்ஸ் முடியும் இடத்தில், உள்பக்கமாக, அந்த மூன்று தையல் மட்டும் சிவப்பாக இருக்கும்.

எத்தனையோ பட்டு என் மடியில் கிடந்து போயிருக்கிறது. ஆனால் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் புடவை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், எல்லாவற்றுக்கும் அதுதான். என் பெரியப்பா மகள் ஒருத்தி இருக்கிறாள். எனக்கு அக்கா முறை. அவள் வீட்டில் தறி ஓடுகிறது. வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. "இவ வந்துட்டாளான்னு மூஞ்சியப் பாத்துத் தேட வேணாம், அந்த நீலம் தெரியுதான்னு பாத்தா போதும்" என்று ஒரு விசேஷத்தில் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலித்தது.

என் மகள் ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறாள். அவளும் அவள் தோழிகளும் போனில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு, கட்டின துணி, போட்ட சுடிதார் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் விற்பதும் வாங்குவதுமாக இருப்பார்கள். முதல்முறை அவள் ஒரு பழைய குர்தாவோடு வந்தபோது நான் அதை வாசல் கொடியிலேயே மாட்டச் சொன்னேன். வீட்டுக்குள் விடவில்லை.

"அம்மா, இதுக்குப் பேரு த்ரிஃப்ட்டு" என்றாள்.

"பேரு இன்னாவா வேணா இருக்கட்டும். யாரோ போட்டுக் கழட்டினதுதானே?"

"ஹாஸ்டல் பொண்ணுதாம்மா, ஒரு தடவதான் போட்டா. அவளுக்குக் கலர் புடிக்கல, எனக்குப் புடிச்சுது. இதுல இன்னாம்மா இருக்குது?"

எனக்கு அதில் நிறைய இருந்தது. அவளிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நான் ஐந்தாவது படிக்கும்போது, எங்கள் அம்மா வேலை செய்த வீட்டில் ஒரு பச்சைப் பாவாடை கொடுத்தார்கள். ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிரேயர் வரிசையில் நிற்கும்போது அந்த வீட்டுப் பெண் வந்து என் பாவாடை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "இது என்னுது. பாரு, இங்க நான் கொட்டின மை" என்று எல்லோருக்கும் காட்டினாள். அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, குழந்தைதானே. ஆனால் அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி அடுத்தவர் போட்ட துணியைத் தொடுவதில்லை என்று.

அதிலும் பழைய பட்டு என்றால் எங்கள் ஊரில் வேறு கணக்கு. "பழைய பட்டுப்புடவ, கிழிஞ்ச பட்டுப்புடவ இருந்தா எடுத்துக்கினு வாங்கம்மா" என்று தெருவில் ஸ்பீக்கர் வைத்த வண்டி வரும். வாங்கிக்கொண்டு போய் எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளியை எடுப்பார்கள். வீட்டை விட்டுப் போன பழைய பட்டு நெருப்புக்குத்தான் போகும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். அதை ஒருத்தி காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்று கனவிலும் நினைத்ததில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீலப் புடவையை வெளியே எடுத்து விரித்தேன். மடிப்பு மடிப்பாகப் பட்டு இற்றுப்போயிருந்தது. கையில் தூக்கியதும் நடுவில் 'பர்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அத்தை முறைக்கு அண்ணன் ஒரு புடவை எடுத்துக் கொடுத்திருந்தார். நல்ல புடவை, ஆனால் பட்டு இல்லை, வரவேற்புக்குச் சரியாக இருக்கும். முகூர்த்தத்தில் பெண்ணுக்கு அத்தை நான், மணமேடையில் நிற்க வேண்டியவள். புதுப் பட்டு எடுக்க அப்போது வழியில்லை.

மறுநாள் மகள் ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தாள். உள்ளே மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு, கிளிப்பச்சைக் கரை. தொட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் விரல்களுக்கு என்னைக் கேட்டுப் பழக்கமில்லை, அவை பாட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டன. கெட்டியான நல்ல பட்டு. முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்தேன். வரிசையாக ஜரிகை அன்னங்கள். அதில் ஒரே ஒரு அன்னத்துக்கு மூக்கு இல்லை. நெய்யும்போது எங்கேயோ இழை தப்பியிருக்கிறது.

"யாரோடது?" என்றேன்.

"தெரியாதும்மா. ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு மூலமா வந்துச்சு. நீ திட்டுவியோன்னு ஆறு மாசமா ஒளிச்சு வெச்சிருந்தேன். இப்ப நீ அன்னத்தப் பாரு, ஆளப் பாக்காத."

"செத்தவங்க புடவையா இருந்தா?"

"உயிரோட இருக்குறவங்கதான். ஜிபே பண்ணதுக்கு தம்ஸ் அப் போட்டாங்க, போதுமா?"

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இது பழையது என்று ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சரி என்றாள். என் மனசு மாறுவதற்குள் புடவையைப் பிடுங்கிக்கொண்டு போய், மடிப்பெல்லாம் எடுத்து ஊசி குத்தி வைக்கும் பியூட்டி பார்லரில் கொடுத்துவிட்டாள். முகூர்த்தத்தன்று காலையில்தான் திரும்ப என் கைக்கு வந்தது. ஊசியோடு ஊசியாக அப்படியே சுற்றிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பெண்கள் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பது இரண்டாவதுதான். முதலில் முந்தானையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார்கள். நான் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே பெரியப்பா மகள் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, நீலத்துக்கு லீவு வுட்டுட்டியா? எங்க எடுத்த?"

"பட்டு சொசைட்டிலக்கா. போன வாரம்."

சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை நனைந்துவிட்டது. அவள் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "போன வாரமா?" என்று இழுத்தாள். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

தாலி கட்டி முடியும்வரை வேறு ஒன்றும் நடக்கவில்லை. அட்சதை போட்டுவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன், மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். மாப்பிள்ளைக்குச் சித்தி என்று முதல் நாள் அறிமுகம் செய்திருந்தார்கள். அவர் கண் என் முகத்தில் இல்லை. முந்தானையில் இருந்தது. உதடு மெல்ல அசைந்தது. அன்னங்களை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு அந்த மையும் பாவாடையும் நினைவுக்கு வந்தன. நேராகத் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், அந்த அம்மா எதிர்த் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இது என்ன கூத்து என்று எனக்கு விளங்கவில்லை. என்னை அவமானப்படுத்த வேண்டியவர் ஏன் ஒளிய வேண்டும்?

மண்டபத்தில் நின்றால் ஆபத்து என்று பந்திக்கு ஓடினேன். அங்கே பரிமாறுகிறவர், "அம்மா, இங்க ரெண்டு எல காலியா கீது, உக்காருங்க உக்காருங்க" என்று தள்ளாத குறையாக உட்கார வைத்தார். உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தால், அதே அம்மா. அவரும் என்னிடமிருந்து தப்பிக்கத்தான் பந்திக்கு ஓடி வந்திருக்கிறார்.

இரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டே இட்லியைப் பிய்த்தோம். வாயில் போகவில்லை. கடைசியில் அவர்தான் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"உங்க முந்தானைல ஒரு அன்னத்துக்கு மூக்கு இல்ல, பாத்தீங்களா?"

"தெரியுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது என் புடவைங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். இதோ, இப்போது ஓரத்தைத் தூக்கிக் காட்டப்போகிறார். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போவும், நான் வித்தத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வூட்டுக்காரர் அதோ மூணாவது எலைல உக்காந்துக்கினு இருக்காரு. புடவ பாலிஷுக்குப் போயிருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆறு மாசமா பாலிஷ்லயே இருக்குது."

எனக்கு மூச்சு வந்தது. "நான் பழசு வாங்கினத நீங்களும் சொல்லிடாதீங்க" என்றேன்.

ஒருவரையொருவர் ஒரு நிமிடம் பார்த்தோம். பிறகு எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு, அடக்க அடக்கக் குலுங்கியது. பரிமாறுகிறவர் நின்று, "இன்னாமா, கேசரில எதுனா ஜோக்கு கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் வீடு முசரவாக்கத்தில், வேலை அங்கன்வாடியில். தினமும் பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வீங்கியது. ஒரு ஸ்கூட்டி வேண்டும் என்று கேட்டதற்கு, இந்த வயசில் வண்டியா என்று வீட்டுக்காரர் சிரித்திருக்கிறார். பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பட்டைத் தன் அக்கா மகளிடம் கொடுத்து விற்கச் சொல்லி, ஒரு பழைய ஸ்கூட்டியை வாங்கிவிட்டார். தன் அண்ணன் கொடுத்த வண்டி என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"வண்டி செகண்ட் ஹேண்ட்னு தெரிஞ்சும் அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து பாத்து, நல்ல வண்டின்னு சொன்னாங்க. புடவைன்னா மட்டும் ஏங்க இப்புடி ஒளிஞ்சுக்கினு அலையிறோம்?" என்றார். கேசரியைச் சாப்பிட்டோம்.

யாருக்கும் சொல்வதில்லை என்று பேசி வைத்துக்கொண்டு வெளியே வந்தோம். போட்டோ எடுக்க எல்லோரும் மேடைக்குக் கீழே கூடியிருந்தார்கள். நாதஸ்வரமும் மேளமும் காதைப் பிளந்தன. பெரியப்பா மகள் அங்கே இருந்தாள். அந்தச் சித்தியின் வீட்டுக்காரரும் பல் குத்திக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மே, உன் மாம்பழக் கலரு வந்துடுச்சா பாலிஷ்லேந்து? தோ, இவங்க கட்டிக்கினு இருக்குறாங்களே, அச்சு அசல் அதே மாதிரி!"

"அதே மாதிரியா?" என்று பெரியப்பா மகள் திரும்பினாள். "இவ போன வாரம் சொசைட்டில எடுத்தேன்றா. இந்தக் கரை தறில ஓடி நின்னு எத்தினி வருஷமாவுது! எங்க வூட்டுத் தறிக்கே தெரியும். ஐயே, இந்த அன்னத்துக்கு மூக்கு எங்கடி?"

சித்தியின் வீட்டுக்காரர் ஆர்வமாகக் குனிந்தார். "அட, எங்க வூட்டுப் புடவையிலயும் ஒண்ணுத்துக்கு மூக்கு இருக்காதுங்க!"

நான் சித்தியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சின்ன வயதில் பாவாடைக்கு உரியவள் நிமிர்ந்து நின்றாள், நான் குறுகி நின்றேன். இங்கே புடவைக்கு உரியவர் என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் பேசினால்தான் இது நிற்கும். அவரைக் காட்டிக் கொடுக்காமல் பேசுவதென்றால், என்னைத்தான் நான் காட்டிக் கொடுத்தாக வேண்டும்.

மேளச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். சரியாக அந்த நொடி மேளம் நின்றுவிட்டது.

"நான் பொய் சொன்னேன்க்கா! இது பழைய புடவ! பழசாத்தான் வாங்கினேன்! யாரோடதுன்னு எனக்குத் தெரியாது!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. முதலில் சொன்னதெல்லாம் உண்மை, கடைசியில் சொன்னது பொய். மேடையில் கல்யாணப் பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இந்த அத்தைக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்போது ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.

"எனக்குத் தெரியும். அது என்னுதுதான்" என்றார் சித்தி.

"அப்போ பாலிஷு?" என்றார் வீட்டுக்காரர்.

"பாலிஷும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளில நிக்குதே ஸ்கூட்டி, அதாங்க புடவ. வித்துதான் வாங்கினேன்."

அந்த மனிதர் வாசல் பக்கம் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். என் முந்தானையைப் பார்த்தார்.

"அப்போ காலைல நான் புடவ மேல உக்காந்துக்கினா வந்தேன்?" என்றார்.

முதலில் சிரித்தது நாதஸ்வரக்காரர். அதற்குப் பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. என் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "என் தாவணியும் பழசுதான், நல்லா பாத்துக்கோங்க" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

பெரியப்பா மகள் மட்டும் விடுவதாயில்லை. "ஏண்டி, புடவதான் பழசு. ஊருக்கெல்லாம் ஃபால்ஸ் தெச்சுக் குடுக்குறவ, உன் புடவைக்குப் புது ஃபால்ஸ் வெச்சுக்க மாட்டியா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து என் புடவையின் ஓரத்தைத் தூக்கித் திருப்பினாள். அதேபோலத்தான் அன்றைக்குப் பாவாடையின் ஓரத்தையும் தூக்கினார்கள். நானும் குனிந்து பார்த்தேன்.

பச்சை ஃபால்ஸ் முடியும் இடத்தில், மூன்று சிவப்புத் தையல்.

விரலால் தடவிப் பார்த்தேன். மூன்றாவது தையலை நான் கொஞ்சம் நீளமாகப் போடுவேன், அதுவும் அப்படியே இருந்தது. "அக்கா, இது என் தையலு" என்றேன். சித்திக்குப் புரியவில்லை. அடையாளத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, பன்னெண்டு வருஷமா நான் கட்டினது உங்க தையலத்தானா? ஒரு எடத்துலகூட பிரியலையேங்க!" என்றார். என் வேலையை அத்தனை பேர் எதிரில் ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. யார் கட்டினதோ என்று நான் முகம் சுளித்த புடவை, அவர் கட்டுவதற்கு முன்னாலேயே என் மடியில் கிடந்திருக்கிறது.

பெரியப்பா மகள் என் மகளைத் தனியே தள்ளிக்கொண்டு போனாள். தனியே என்றாலும் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அந்த போன் குரூப்புல என்னையும் சேத்து வுடுடி. பீரோல எட்டு பொடவ சும்மா தூங்குது."

அந்தச் சித்தி இப்போது எனக்கு நல்ல சிநேகிதி. மாதம் ஒருமுறையாவது ஸ்கூட்டியில் செவிலிமேட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் வாசலில் நின்று, "புடவ வந்திருக்குதுங்க" என்று குரல் கொடுப்பார். என்னைப் பின்னால் உட்கார வைத்து ஒருமுறை கோயிலுக்கும் கூட்டிப் போனார். அன்றைக்கு நான் மாம்பழப் பட்டைத்தான் கட்டியிருந்தேன். மூக்கில்லாத அன்னம் வெளியே தெரியும்படியே முந்தானையை விட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் இன்னும் கண்டக்டரைக் கூப்பிட எனக்குக் கூச்சம்தான், அது முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்து முடித்து, சிவப்பு நூலைக் கோத்து அந்த மூன்று தையலைப் போடும்போதெல்லாம், இது இன்னும் எத்தனை பேர் தோளுக்குப் போகுமோ, யார் வீட்டு வாசலில் வண்டியாக நிற்குமோ என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். மூன்றாவது தையலைக் கொஞ்சம் அழுத்தியே போடுகிறேன்.